வருமான வரியா, பொருள் வரியா? புத்தகம் ஒண்ணு சொல்லுது, எங்க அப்பா கடை ஒண்ணு சொல்லுது

விருதுநகர்_கடைக்குட்டி

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சல் வழியில எம்.ஏ. பொருளாதாரம் படிச்சுக்கிட்டே அப்பாவோட மளிகைக் கடையில பில் போடுறேன். அடுத்து நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதணும். ரெண்டு நாளா ஒரு சந்தேகம் மண்டையைக் குடையுது.

புத்தகத்துல சமநோக்கு வளைகோடு (நுகர்வோருக்கு ஒரே அளவு திருப்தி தர்ற பொருள் சேர்க்கைகளைக் காட்டுற கோடு) படம் போட்டு ஒரு முடிவு சொல்றாங்க. அரசாங்கத்துக்குப் போற தொகை ஒண்ணுதான்னா, ஏதோ ஒரு பொருள் மேல வரி போட்டு வாங்குறதைவிட, வருமானத்துலேர்ந்து நேரா எடுத்துக்கிட்டா நுகர்வோருக்கு நஷ்டம் கம்மியாம். கோடு கோடா படம் புரியுது. ஏன் அப்படின்னு மனசுல உக்கார மாட்டேங்குது.

அப்பாகிட்ட சொன்னேன். அரிசி மூட்டையில குத்தூசி போட்டுப் பாத்துக்கிட்டே சிரிச்சார். "நம்ம கடைக்கு வர்றவங்கள்ல வருமான வரி கட்டுறவன் எத்தனை பேரு? சோப்பு வாங்காதவன் எத்தனை பேரு?"ன்னு கேட்டார். அப்புறம் மூட்டையைத் தட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, வாசி"ன்னார். 26 கிலோ.

வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாம இருக்கலாம். 2022 ஜூலை 18லேர்ந்து, பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி 25 கிலோ வரைக்கும் 5% ஜிஎஸ்டி. அதுக்கு மேல போனா வரி கிடையாது. மில்லுக்காரங்க மறு வாரமே 26 கிலோ பை தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. கிலோ 60 ரூபான்னு வைங்க. 25 கிலோ மூட்டை 1,500, வரி 75, ஆக 1,575. 26 கிலோ மூட்டை 1,560. ஒரு கிலோ கூடவும் கிடைக்குது, 15 ரூபா கம்மியாவும் கிடைக்குது!

அப்ப புத்தகம் சொல்றது சரியா, அப்பா சொல்றது சரியா?

சாக்பீஸ்_தாத்தா

ரெண்டு பேரும் சரிதான் அம்மா. ஆனா ரெண்டு பேரும் பேசறது ஒரே கேள்வியைப் பத்தி இல்லை. முப்பது வருஷம் இதை வகுப்பில் நடத்தினவன் சொல்றேன். படத்தை மூடி வைங்க, பரோட்டாவை எடுங்க.

ஒரு பையன். மாசம் கையில் 1,000 ரூபாய். பாதியைப் பரோட்டாவுக்கும் பாதியை மற்றதுக்கும் செலவு பண்ற சுபாவம். பரோட்டா 10 ரூபாய். ஆக மாசம் 50 பரோட்டா, மற்ற செலவு 500.

இப்போ பரோட்டாவுக்கு இரண்டரை ரூபாய் வரி. விலை 12.50. அதே 500 ரூபாய்க்கு 40 பரோட்டாதான் வரும். அரசாங்கத்துக்கு 40 தடவை இரண்டரை, அதாவது 100 ரூபாய்.

வேறு வழி. பரோட்டாவைத் தொடாமல், பையனிடம் நேராக அதே 100 ரூபாயை வாங்கிக்கொள்கிறோம். கையில் 900. இங்கேதான் நின்று கவனிக்கணும். இந்த 900ல் அவன் பழையபடி 40 பரோட்டா (400 ரூபாய்), மற்ற செலவு 500 என்றே இருந்திருக்கலாம். கச்சிதமாக வாங்க முடியும். ஆனால் அவன் வாங்குவது 45 பரோட்டா, மற்றது 450. வேண்டுமானால் கிடைக்கும் என்று இருந்ததை விட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறான் என்றால், அது அவனுக்கு அதைவிடப் பிடித்தது என்றுதானே அர்த்தம்? கோடும் வேண்டாம், வளைவும் வேண்டாம்.

கணக்குப் போட்டால், பரோட்டா வரியால் அவனுக்கு ஏற்பட்ட வருத்தம் நேராக 105 ரூபாய் 57 காசு பிடுங்கினதுக்குச் சமம். கருவூலத்துக்குப் போனது 100. பாக்கி ஐந்தரை ரூபாய் யார் பையிலும் விழவில்லை, ஆவியாகிவிட்டது. சாப்பிட்டிருக்க வேண்டிய பரோட்டாவைச் சாப்பிடாமல் விட்ட நஷ்டம் அது.

உங்கள் அப்பாவின் 26 கிலோ மூட்டை இதைவிட மோசம். அங்கே கருவூலத்துக்குப் பூஜ்யம். பை மாற்றியது, அச்சு மாற்றியது, வேண்டாத அளவில் வாங்கியது என்று நஷ்டம் மட்டும்தான் இருக்கிறது.

நைட்ஷிப்ட்_நாதன்

தாத்தா சூப்பர். ஆனா வருமான வரி ஏதோ வலிக்காம எடுக்கிற மாதிரி சொல்றீங்களே, என் கதையைக் கேளுங்க.

2025 பட்ஜெட்ல 12 லட்சம் வரை வரி இல்லைன்னாங்க. சம்பளக்காரனுக்கு 75,000 கழிவோட 12.75 லட்சம். என் சம்பளம் கரெக்டா அந்தக் கோட்டுல. சந்தோஷமா இருந்தேன். ராத்திரி ஷிப்டுக்கு இன்சென்டிவ் 40,000 வந்துச்சு. பே ஸ்லிப்பைப் பாத்தா வரி 41,600. மூணு மாசம் ராத்திரி கண் முழிச்சதுக்கு நான் அரசாங்கத்துக்கு 1,600 ரூபா கடன்! மேனேஜர்கிட்ட போய் "அடுத்த தடவை காசு வேணாம், லீவு குடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

இதுல எந்தப் பொருளுக்கும் வரி இல்லையே. இதுக்கு என்ன சொல்றீங்க?

ஈரோடு_பில்புக்

வரி ஆலோசகர் ஆபீஸ்ல இருக்கேனுங்க. நாதன் சொல்றது சரியான கணக்குத்தான். அந்த 75,000 கழிவு போக 12 லட்சம் வரைக்கும் வரி தள்ளுபடி. தாண்டினா மொத்தமா 60,000 தலையில விழும். அதனால விளிம்பு நிவாரணம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க: 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு வந்துச்சோ அதுக்கு மேல வரி கேக்க மாட்டாங்க. அப்படின்னா 12 லட்சத்துலேர்ந்து சுமார் 12,70,588 வரைக்கும் கூட வர்ற ஒவ்வொரு ரூபாயும் முழுசா வரிதானுங்க. அந்த வரி மேல இன்னும் 4% செஸ்ங்கிற கூடுதல் வரி. 40,000க்கு 1,600. அதுதான் நீங்க பாத்தது.

நைட்ஷிப்ட்_நாதன்

அடப்பாவிகளா.

சாக்பீஸ்_தாத்தா

நாதன் தம்பி, நீங்கள்தான் இந்த இழையில் முக்கியமான சாட்சி.

புத்தகம் "வருமான வரி" என்று பெயர் வைத்திருப்பது உண்மையில் வருமான வரியே இல்லை. அது நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வசூலிக்கிற தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு, முடிந்தது. நீங்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் மாறாது, எதை வாங்கினாலும் மாறாது. ஓடி ஒளிய இடம் இல்லாததால் யாரும் தன் நடத்தையை மாற்றிக்கொள்வதில்லை. அந்த வரிதான் பரோட்டாவை ஜெயிக்கிறது.

நிஜ வருமான வரி அப்படி இல்லை. அது உழைப்பின் விலையைக் குறைக்கிறது. பரோட்டாவுக்கு வரி போட்டால் பையன் பரோட்டாவைக் குறைத்தான். சம்பளத்துக்கு வரி போட்டால் நாதன் ராத்திரி ஷிப்டைக் குறைக்கிறார், ஓய்வை 'வாங்கி'க்கொள்கிறார். ஓய்வுக்கு எந்த அரசாங்கமும் வரி போட முடியாதே.

ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் 1938ல் பொருள் வரிக்கு எதிராக இந்த வாதத்தைப் பலமாக எடுத்து வைத்தார். 1952ல் மில்டன் ப்ரீட்மன் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர், ஒரே ஒரு நுகர்வோரை வைத்துப் போடுகிற அந்தப் படத்தை ஒரு நாடு முழுவதுக்கும் நீட்ட முடியாது என்று ஆட்சேபித்தார். ஒருத்தன் மட்டும் குறைத்தால் விலை மாறாது, எல்லோரும் ஒரே நேரத்தில் பரோட்டாவைக் குறைத்தால் மாஸ்டரின் கூலியும் மாவின் விலையும் சேர்ந்து மாறும். எம்.ஏ. தேர்வில் படத்தை வரைந்துவிட்டு இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள் அம்மா.

கணக்குநோட்டு_அக்கா

எனக்கு வளைகோடெல்லாம் தெரியாது. இருபது வருஷமா வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுறேன், அதுல இருக்கிறதைச் சொல்றேன்.

2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் ஷாம்பு, சோப்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி 18%லேர்ந்து 5%க்கு வந்துச்சு. பெரிய பாட்டில்ல விலை இறங்கினது நோட்டுலயே தெரியுது. ஒரு ரூபா சாஷேல எப்படி இறக்குவான்? இறக்கல. சாஷே வாங்குறவங்கதான் அதிகம் இல்லாதவங்க.

மெடிக்கல் பாலிசி பிரீமியம் 24,000. அதுக்கு 4,320 வரி கட்டிக்கிட்டிருந்தோம். இப்ப தனிநபர் பாலிசிக்கு வரியே இல்ல. அந்தக் காசைப் போட்டு பாலிசித் தொகையை ஏத்திக்கிட்டேன்.

எங்க தெருவுல இஸ்திரி வண்டி வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர். வருமான வரின்னா என்னன்னே அவருக்குக் கவலை இல்ல. ஆனா 299 ரூபா ரீசார்ஜ் போடுறார். அதுல வரி 45 ரூபா 61 காசு. ஒரு சட்டைக்குப் பத்து ரூபா வாங்குறார். அப்ப நாலரை சட்டை. மாசா மாசம் கூட இல்ல, 28 நாளைக்கு ஒரு தடவை. கோடீஸ்வரன் ரீசார்ஜ் போட்டாலும் அதே 45 ரூபா 61 காசுதான். அவனுக்கு அது எத்தனை சட்டை?

சாக்பீஸ்_தாத்தா

அக்காவுக்கு ஒரு கேள்வி. அந்த 4,320 ரூபாயை பாலிசியில் குறைக்காமல், உங்கள் வீட்டுக்காரரின் வருமான வரியில் குறைத்திருந்தால், பாலிசித் தொகையை ஏற்றியிருப்பீர்களா?

கணக்குநோட்டு_அக்கா

மாட்டேன். மிக்ஸி வாங்கியிருப்பேன். பழசு சட்னி அரைக்கும்போது கருகுற வாசம் வருது.

சாக்பீஸ்_தாத்தா

பாருங்கள், பதிலீட்டு விளைவையும் வருமான விளைவையும் நான் ஒரு பருவம் முழுக்க நடத்தியிருக்கிறேன். அக்கா மிக்ஸியில் முடித்துவிட்டார்.

கையில் காசு கூடினால் மனசுக்குப் பிடித்ததை வாங்குகிறோம், அது வருமான விளைவு. ஒரு பொருளின் விலை இறங்கினால் அந்தப் பக்கம் சாய்கிறோம், அது பதிலீட்டு விளைவு. பொருள் வரி எப்போதும் இரண்டையும் செய்கிறது: பையைக் காலி செய்கிறது, தலையையும் திருப்புகிறது. தலைக்கட்டு வரி பையோடு நின்றுவிடும்.

நைட்ஷிப்ட்_நாதன்

சரி, அப்ப பணக்காரன் வாங்குற பொருளுக்கு மட்டும் போட்டுத் தீட்டிருங்க. இஸ்திரி அண்ணனை விட்டுருங்க. முடிஞ்சுது.

சாக்பீஸ்_தாத்தா

அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். 1990ல் சட்டம் போட்டு, ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள உல்லாசப் படகுகளுக்கு, அந்த மிகுதித் தொகையில் 10% வரி. பணக்காரன் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டான், பழைய படகை வாங்கினான், வேறு எதிலோ செலவழித்தான். பட்டறையில் மரம் இழைத்தவனுக்கும் பெயின்ட் அடித்தவனுக்கும் வேலை போச்சு. 1993ல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வரி யார் பெயரில் எழுதியிருக்கிறது என்பது வேறு, யார் முதுகில் உட்காருகிறது என்பது வேறு. யாரால் நகர முடியவில்லையோ அவன் முதுகில்தான் உட்காரும்.

ஈரோடு_பில்புக்

எங்க தொழில்ல தினமும் நடக்கிறது இதுதானுங்க. எது எந்த அட்டவணையில வரும்னு சண்டை போட்டே பொழப்பு ஓடுது. 2020ல கர்நாடகாவுல, பரோட்டா வேற ரொட்டி வேற, பரோட்டாவுக்கு 18%ன்னு ஒரு தீர்ப்பு வந்துச்சு. தாத்தா உதாரணத்துக்குச் சும்மா எடுத்தாரோ தெரிஞ்சு எடுத்தாரோ தெரியலீங்க! இப்ப 2025 செப்டம்பர்லேர்ந்து பாக்கெட் பரோட்டாவுக்கு வரியே இல்ல.

2024 செப்டம்பர்ல எங்க கோவையில ஒரு ஓட்டல் முதலாளி நிதியமைச்சர் முன்னாடி எந்திரிச்சு கேட்டாரில்லீங்களா? பன்னுக்கு வரி இல்ல, உள்ள கிரீம் வெச்சா 18%. வாடிக்கையாளர் "பன்னையும் கிரீமையும் தனித்தனியா குடு, நானே தடவிக்கிறேன்"ங்கிறாருன்னார். ஊரே சிரிச்சுது. அப்புறம் நடந்தது வேற விஷயம், அதை இங்க கிளற வேண்டாம். ஆனா அந்த மனுசன் சொன்னது பொருளாதாரம்தானுங்க. கிரீமை மேசையில உக்காந்து தடவுற அஞ்சு நிமிசம் இருக்கே, அதுதான் தாத்தா சொன்ன ஆவியான அஞ்சரை ரூபா.

யாழ்_பனங்கொட்டை

கன நாளாய் வாசிக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன். நீங்கள் எல்லாரும் வரி ஏறினால் என்ன நடக்கும் எண்டு கதைக்கிறியள். எங்கட இலங்கையில ரெண்டு வரியையும் ஒண்டாய்க் குறைச்சுப் பாத்தது.

2019 டிசம்பரில வற் வரியை (சாமான் மேல போடுற பெறுமதி சேர் வரி) 15 வீதத்தில இருந்து 8 ஆக்கினவை. வருமான வரி இல்லாத எல்லையை வருசத்துக்கு 5 லட்சத்தில இருந்து 30 லட்சமாக்கினவை. ஆக்களுக்கு நல்ல சந்தோசம். சாமான் மலிவு, சம்பளம் முழுசாய்க் கைக்கு. அரசாங்கத்தின்ர வருமானம் விழுந்தது, பிறகு கொரோனா, பிறகு டொலர் இல்லை. 2022 செப்டம்பரில கொழும்பு விலைச்சுட்டியில பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. நான் பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசையில கிடந்தனான். அந்த ரெண்டு நாளும் என்ர வரிதான், ஆனால் அது ஒருத்தற்ற கணக்கிலும் வரவாகேல்லை.

அதுக்குப் பிறகு எல்லாம் மறுவளம். வற் 12, பிறகு 15, 2024 ஜனவரியில 18. அதோட பெற்றோல், டீசல், காஸ் எல்லாத்துக்கும் இருந்த விலக்கை எடுத்தாச்சு. வருமான வரி எல்லையை 12 லட்சத்துக்கு இறக்கி மேல்படி வீதம் 36 ஆக்கினவை. டொக்டர்மார், எஞ்சினியர்மார் கொஞ்சப் பேர் வெளிநாடு போட்டினம். காஸுக்கு வரி கட்டுற ஆச்சிக்குப் போக இடமில்லை, அவ விறகுக்குத் திரும்பினவ. 2025 ஏப்ரலில எல்லையை 18 லட்சமாய் ஏத்தினது சம்பளக்காரருக்கு ஆறுதல். ஆச்சியின்ர வற் இன்னும் 18தான்.

நகரக் கூடியவன் பிளேனில போறான், நகர ஏலாதவள் அடுப்பு மாத்திறாள். ரெண்டு வரியிலயும் நட்டம் இருக்குது, ஆனால் ஒரே மாதிரியான நட்டம் இல்லை.

அனாமதேயம்_47

எல்லா வரியும் கொள்ளைதான். டாஸ்மாக் ஒண்ணு போதாதா இவனுகளுக்கு?

ஈரோடு_பில்புக்

அனாமதேயம் அண்ணா, கோவத்துல சொன்னாலும் சரியான இடத்தைத் தொட்டுட்டீங்க. நம்ம நாட்டுல பொது விற்பனை வரி முதல்ல வந்ததே மெட்ராஸ் மாகாணத்துலதானுங்க, 1939ல. ராஜாஜி மாகாணப் பிரதமரா (இப்ப முதலமைச்சர் மாதிரி) இருந்தப்ப 1937 அக்டோபர்ல சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். கள்ளு வருமானம் போச்சு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் விற்பனை வரி. குடிக்கிறவன் கட்டிக்கிட்டிருந்ததை, குடிக்காதவனும் சேந்து கட்ட ஆரம்பிச்சான். இப்ப மதுவிலக்கும் போச்சு, விற்பனை வரி மட்டும் பேர் மாறிப் பேர் மாறி நின்னுபோச்சு. மது வரி, விற்பனை வரி ரெண்டும் கட்டுறோம்.

சாக்பீஸ்_தாத்தா

பில்புக் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே ராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்.

இங்கே எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒன்று உண்டு. 1927ல் கேம்பிரிட்ஜில் ராம்சே என்ற சின்னப் பையன் ஒரு கணக்குப் போட்டார். பொருள்களுக்கு வரி போட்டே ஆக வேண்டும் என்றால், விலை ஏறினாலும் யாரும் வாங்குவதைக் குறைக்காத பொருளுக்கு அதிகமாகப் போடு, ஆவியாகிற நஷ்டம் குறையும் என்று. கணக்கில் ஒரு பிசகும் கிடையாது. அந்தக் கணக்குப்படி மிகச் சிறந்த வரி எது? உப்பு வரி! விலை ஏறினால் யாராவது உப்பில்லாமல் சாப்பிடுவார்களா? வெள்ளைக்காரனுக்கு ராம்சேயைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான்.

ஆகவே "தலை திரும்பாத வரி நல்ல வரி" என்பது பாதிதான். தலை திரும்பவில்லை என்றால், திருப்ப வழியில்லாமல் இருக்கிறான் என்றும் அர்த்தம் இருக்கலாம். இஸ்திரி அண்ணன் ரீசார்ஜை விடமாட்டார், வாடிக்கையாளர் கூப்பிட வேண்டுமே. ராம்சே கணக்கில் அது அருமையான வரி. அக்காவின் சட்டைக் கணக்கில் அநியாயம். நான் அக்கா பக்கம்.

நைட்ஷிப்ட்_நாதன்

செலவு பண்றதுக்கே மொத்தமா வரி போட்டா? சம்பாதிக்கிறதை விட்டுருங்க, எந்தப் பொருள்னும் பாக்காதீங்க, வருஷத்துக்கு எவ்வளவு செலவழிச்சான்னு மட்டும் பாருங்க. எனக்கு நைட் ஷிப்ட் காசாவது மிஞ்சும்.

சாக்பீஸ்_தாத்தா

தம்பி, அதுவும் நம் ஊரிலேயே நடந்தது. கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞரை வரவழைத்து 1956ல் அறிக்கை வாங்கினார்கள். நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957ல் செலவு வரியைக் கொண்டுவந்தார், பெரும் பணக்காரர்களுக்கு மட்டும். 1962ல் எடுத்தார்கள், 1964ல் டி.டி.கே. மறுபடி கொண்டுவந்தார், 1966ல் மறுபடி எடுத்தார்கள். யார் எவ்வளவு செலவழிக்கிறான் என்று வீடு வீடாக எண்ண நம்மிடம் ஆள் இல்லை. அக்கா மாதிரி எல்லோரும் நோட்டு எழுதினால் நடந்திருக்கும்.

கணக்குநோட்டு_அக்கா

என் நோட்டை எந்த ஆபீசருக்கும் காட்ட மாட்டேன்.

விருதுநகர்_கடைக்குட்டி

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, பரோட்டா கணக்கை அப்பாவுக்குத் தாள்ல போட்டுக் காமிச்சேன். 45 பரோட்டா, 450 வரைக்கும் அமைதியா கேட்டுட்டு, "ஆமா, அவர் சொல்றது சரிதான். ஆனா அந்தப் பையன் கையில 1,000 இருக்கில்ல, நேரா 100 எடுக்கலாம். கையில ஒண்ணுமே இல்லாதவன்கிட்ட அரசாங்கத்துக்காரன் எங்கேர்ந்து நேரா எடுப்பான்? அதான் சோப்புல எடுக்கிறான்"னார். எம்.ஏ. தேர்வுல இப்படி எழுதினா மார்க் போடுவாங்களான்னு தெரியல.

இன்னிக்கு நடந்ததையும் சொல்லிடறேன். எங்க தெருவுல ஒரு பாட்டி, தனியா இருக்காங்க. முன்னாடி 10 கிலோ பாக்கெட் வாங்குவாங்க. இப்ப கிலோவுக்கு மூணு ரூபா வித்தியாசம்னு 26 கிலோ மூட்டை வாங்கினாங்க. போன தடவை பாதியில வண்டு வந்துருச்சு. வெயில்ல காயப்போட்டு, முறத்துல புடைச்சு, ரெண்டு நாள் அதே வேலை. அதனால இன்னிக்குப் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டு வந்து, ஒரு மூட்டையைப் பிரிச்சு ரெண்டு பையில போடச் சொன்னாங்க.

ஈரோடு_பில்புக்

சாக்குலேர்ந்து சில்லறையா நிறுத்துக் குடுத்தா எத்தனை கிலோவா இருந்தாலும் வரி இல்லீங்களே. மூட்டை எதுக்கு?

விருதுநகர்_கடைக்குட்டி

அப்பாவும் அதைத்தான் சொன்னார். பாட்டிக்குச் சாக்குல கொட்டி வெச்ச அரிசி மேல நம்பிக்கை இல்ல. தையல் பிரிக்காத மூட்டையைக் கண்ணால பாக்கணும், அவங்க முன்னாடியே பிரிக்கணும். பிரிச்சோம். 13 கிலோ, 13 கிலோ. தராசுல ரெண்டாவது பை 20 கிராம் கூட காட்டுச்சு. அதை அள்ளி முதல் பையில போடச் சொன்னாங்க.